குதிரை வண்டிக் கலியாண மோகம்

வருகிற தை மாதத்தில் நம் தமக்கையார் மகனுக்குக் கலியாணம். கோயிலிலே தாலி கட்டி முடிந்தபின், மணமக்களை அங்கிருந்து விருந்து மண்டபம் வரையில் வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி, கடைத்தெரு வழியாக ஊர்வலம் விடுவதென்று வீட்டார் முடிவு செய்திருக்கிறார்கள். சாரட்டு வாடகை தாய்மாமன் சீராக நம்மைச் சேர்ந்ததாம். “முடியாது” என்றோம். சொன்ன மாத்திரத்தில் மருமகப் பிள்ளையாண்டான் தன் கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு படத்தை நம் முகத்துக்கு நேரே நீட்டினான். “இதில் உட்கார்ந்திருப்பது யார் மாமா? நீங்களும் அத்தையுந்தானே? உங்களுக்கு இனித்தது எங்களுக்கு மாத்திரம் ஆகாதோ?”

படம் பொய்யன்று. உட்கார்ந்திருந்தது நாமேதான். கூடத்தில் இருந்தவர் யாவரும் சிரித்தார்கள். தமக்கையார் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அன்று சொல்ல வாய் வராத பதிலை இன்று இங்கே எழுதுகிறோம். நம் வீட்டுச் சண்டையை ஊரறியச் செய்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சண்டை இவ்வாண்டு பல வீடுகளுக்கு வரப்போகிறது என்பதே அதற்கு விடை.

அந்தப் படம் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகார்த்தாவில் எடுத்தது. 2023ஆம் ஆண்டின் கடைசியில், போனஸ் பணம் கையிலிருந்த தைரியத்தில் இல்லாளுடன் அங்கே போயிருந்தோம். 1755இல் மாத்தாராம் இராச்சியம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, முதலாம் ஹமெங்குபுவோனோ சுல்தான் தலைநகராக நிறுவிய ஊர் அது. வடக்கே மெராபி எரிமலை, தெற்கே மாகடல், இடையிலே ஒரு நேர்கோட்டில் ‘துகு’ என்னும் வெண்தூணும் அரண்மனையும் அமைந்திருக்கின்றன. அந்த நேர்கோட்டை 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. கோட்டின் நடுவே ஓடுவதுதான் மாலியோபோரோ வீதி. அதன் ஓரத்திலே வரிசையாக நிற்பவை ‘ஆண்டோங்’ என்னும் நான்கு சக்கரக் குதிரை வண்டிகள். தலையில் பிளாங்கோன் கட்டி, கோடு போட்ட சுர்ஜான் சட்டை அணிந்த வண்டிக்காரர் நம்மைக் கைகூப்பி அழைத்தார். ஏறினோம்.

இன்பமாகத்தான் இருந்தது, அதை மறைத்துப் பேசினால் மருமகனுக்குச் சொல்லும் பதில் பாதிப் பொய்யாகிவிடும். மழை விட்ட மாலை நேரம். குளம்போசை தாளம் போடுகிறது. பெரிங்ஹார்ஜோ சந்தையும் பழைய டச்சுக் கோட்டையும் மெள்ள மெள்ளப் பின்னே நகர்கின்றன. இல்லாள் நம் தோளில் சாய்ந்தாள். கலியாணமாகிப் பத்தாண்டுகளில் தெருவிலே அவள் அவ்வாறு சாய்ந்தது அதுவே முதல் தடவை. வண்டிக்காரர் தெற்கே பந்துல் வட்டாரத்துக்காரர். தினந்தோறும் அங்கிருந்தே வண்டியை ஓட்டி வருவதாகச் சொன்னார். நாம் மலேசியா என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. தம்பி ஜொகூரிலே செம்பனைக் குலை வெட்டுகிறான் என்றார். நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி, அத்தகைய தம்பிமாரின் பேர்களைச் செக்ரோலில் ஏற்றுவதே நம் உத்தியோகம் என்று அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இன்றளவும் நாம் சரியாக அறியோம்.

கோட்டையைத் தாண்டி வண்டி திரும்புகையில் நனைந்த தரையில் குதிரை வழுக்கிற்று. முன்னங்கால் இரண்டும் மடிய, ஏர்க்கால் ஒருபுறமாய்ச் சாய்ந்தது. வண்டிக்காரர் குதித்திறங்கினார். இறங்கியவர் முதலில் எங்கே பார்த்தார்? குதிரையையன்று. நம்மைப் பார்த்து, “மாஃப், பாக், மாஃப்” என்று இரண்டு கைகளையும் கூப்பினார். முட்டியில் தோல் கிழிந்த குதிரை தானே எழுந்து நின்று நடுங்கிக்கொண்டிருக்க, எவ்வித நஷ்டமும் அடையாத நம்மிடம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நாமும் பெருந்தன்மையோடு தலையசைத்து மன்னித்தோம்! மருமகன் காட்டிய படம் இதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன் எடுத்தது. இதற்குப் படம் இல்லை.

நிற்க. இந்தச் சவாரியைக் காதலென்றும் பழமையென்றும் விற்கிறார்களே, இதில் காதல் எங்கே இருக்கிறது? மெதுவாகப் போவதில் என்றால் மாட்டு வண்டியும் மெதுவாகத்தான் போகிறது. திறந்த காற்றில் என்றால் குலை ஏற்றும் டிராக்டர்ப் பெட்டியிலும் காற்றுக்குக் குறைவில்லை. மணமக்களை அதில் ஏற்றுங்களேன் பார்ப்போம்! ஒருவரும் இசையார். ஆகவே விலைக்கு வாங்குவது வேகமுமன்று, காற்றுமன்று, ஆசனத்தின் உயரம். அரை மணி நேரத்துக்குப் பிரபுவாக இருக்கும் பாக்கியம். யோக்யகார்த்தாவிலே இந்த ஆண்டோங் முற்காலத்தில் அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்குமே உரியதாயிருந்தது. எட்டாம் சுல்தான் ஆண்ட 1921க்கும் 1939க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பொதுஜனங்கள் ஏறலாயினர். அந்தப் பழைய பெருமையின் மிச்சந்தான் இன்று சுற்றுலாக்காரருக்குக் கூறு போட்டு விற்கப்படுகிறது.

அரண்மனையை அடுத்து வண்டிக் காட்சிசாலை ஒன்று உண்டு. அங்கே ஹாலந்து தேசத்தில் செய்த, எட்டுக் குதிரைகள் இழுத்த பழைய சாரட்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் ‘கஞ்செங் ஞாய் ஜிமாட்’ என்று மரியாதைப் பெயர். ஆண்டுதோறும் சூரோ மாதத்தில் அதை நீராட்டுகிறார்கள். கழுவிய தண்ணீரை ஜனங்கள் புட்டியிலே பிடித்துப் போகிறார்கள். அயலார் வழக்கத்தை நகைப்பது நம் வேலையன்று. நம் ஊரிலே நாம் எதை எதைக் கழுவி எந்த நீரை எடுத்துச் செல்கிறோம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒன்று மட்டும் கேட்கிறோம். மரத்துக்கும் இரும்புக்கும் பெயருண்டு, பூஜையுண்டு. அதை இழுத்து மாய்ந்த குதிரைகளில் ஒன்றன் பெயராவது அந்தக் காட்சிசாலைக்குப் போய்வந்தவர் எவர் வாயிலாவது உண்டா?

குதிரைக்கு இயற்கை கொடுத்த கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையையும் அது காணும். அந்தக் கண்ணுக்குத் தோல் மறைப்பு மாட்டி முன்னே மாத்திரம் பார்க்கச் செய்கிறோம். புல்தரையிலே ஓடப் பிறந்த குளம்பிலே இரும்பு லாடத்தை அறைந்து தாரிலும் கல்தளத்திலும் ஓட்டுகிறோம். வாயிலே இரும்பு, முதுகிலே வெயில். கருணையாகத்தான் நடத்துகிறோம் என்று சொல்லும் நகரங்களின் சட்டத்தையே பாருங்கள். வியன்னா நகரத்தார் 2016 முதல் வெப்பம் 35 பாகையைத் தொட்டால் வண்டிக் குதிரையை லாயத்துக்கு அனுப்ப வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். நியூயார்க்கிலே 32 பாகைக்கே நிறுத்த வேண்டும். வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யவேண்டிய காரியத்துக்குக் காதல் என்று பெயரா? நம் தோட்டத்து நண்பகல் 32 பாகையைத் தொடாத நாள் எத்தனை? மருமகனின் ஊர்வலமோ பகல் பதினொரு மணிக்கு!

லாயம் என்றோம். லாயத்துக்கும் லயத்துக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். நம் பாட்டனார் பிறந்தது லயத்திலே. துரையின் குதிரை வருகிற ஓசை கேட்டால் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டுமென்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குதிரை போய்ச் சைக்கிள் வந்தபின்னும் அந்த முறை போகவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டது என்ன? கூலி கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு கூட, வெள்ளைக்காரத் துரையும் ஆசியச் சிப்பந்திகளும் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். ஆசியச் சிப்பந்தி என்றால் யார்? நம்மைப்போன்ற கிராணிமாரே, தோழர்காள்! அதாவது, இன்று இந்தக் கட்டுரை எழுதுகிற கை எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறதோ, அந்த நாற்காலியின் முன்னும் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கினான். இறங்க மாட்டேன் என்று சொன்னதற்காகத் தடியும் துப்பாக்கியும் வந்தன, உயிர்கள் போயின. ஒருவன் உயரத்தில் செல்ல இன்னொருவன் தாழ நிற்கும் முறையை ஒழிக்க அவ்வளவு விலை கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று வாடகை கொடுத்து அதே உயரத்தில் ஏறிப் படம் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது சிறிதன்று. “நீர் ஏறாவிட்டால் அந்தப் பந்துல் வண்டிக்காரன் எதைச் சாப்பிடுவான்? குதிரைக்குத்தான் யார் தீனி போடுவார்?” என்று கேட்கிறார்கள். இதே கேள்வியை ரிக்‌ஷாவுக்கும் கேட்டார்கள். 1880இல் சிங்கப்பூருக்கு வந்த அந்த வண்டியில் மனிதனை மனிதன் இழுத்தான். அழகிய கீழ்த்திசைக் காட்சியென்று அதையும் தபால் அட்டையில் அச்சிட்டு விற்றார்கள். 1947இல் அதை நிறுத்தினார்கள். இன்று யாராவது அதைத் திரும்பக் கொண்டுவா என்கிறார்களா?

ஆனால் நிறுத்துகிற முறை ஒன்று உண்டு, நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற முறையும் ஒன்று உண்டு. பம்பாயைப் பாருங்கள். இந்தியா வாயில், தாஜ்மகால் ஹோட்டல், கடற்கரைச் சாலை என்று காதலர்கள் சுற்றிவந்த வெள்ளிப் பூச்சு வண்டிக்கு விக்டோரியா மகாராணியின் பெயரே வழங்கிற்று. சினிமாக்காரர்கள் அதில் கதாநாயகனையும் நாயகியையும் ஏற்றியதற்குக் கணக்கில்லை. 2015 ஜூனில் பம்பாய் உயர்நீதிமன்றம், மனிதரின் உல்லாசத்துக்காக மாத்திரம் குதிரை வண்டி ஓட்டுவது சட்டவிரோதம் என்று தீர்த்து, ஓராண்டுக்குள் நிறுத்தச் சொல்லிற்று. வண்டிக்காரரின் மறுவாழ்வுக்கு அரசாங்கம் திட்டம் வகுக்க வேண்டுமென்றும் அதே தீர்ப்பு கூறிற்று. தீர்ப்பை நாம் வாழ்த்துகிறோம். ஆயினும் தலைமுறை தலைமுறையாய் வார் பிடித்த பல நூறு குடும்பங்கள் அந்த மறுவாழ்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தன. 2021இல் குதிரையில்லாமல் மின்கலத்தால் ஓடும் புதிய விக்டோரியாக்கள் பம்பாய் வீதிக்கு வந்தன. சவாரி செய்பவனுக்குத் தன் உயரமான ஆசனம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகவே நாம் சொல்வது: முதலில் வண்டிக்காரனுக்கு நஷ்டஈடும் மாற்று வேலையும், குதிரைக்குப் புல்வெளியும், அதன் பிறகு தடை. வரிசை மாறினால் அது ஜீவகாருண்யம் ஆகாது. ஏழையின் செலவில் பணக்காரன் புண்ணியம் தேடுவதாகும்.

பந்துல்காரரின் பிழைப்பும் நம் பட்டணத்துச் சாரட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். அங்கே ஒரு மனிதன் வேறு வழியின்றி நிற்கிறான். இங்கே கலியாணக் காண்டிராக்டர் ஒருவர் விளம்பரம் செய்து, இல்லாத வழக்கத்தை உண்டாக்குகிறார். நம் பெற்றோர் கலியாணத்திலே சாரட்டு இல்லை. பாட்டனார் கலியாணத்திலே செருப்பே இல்லை. நாளை பக்கத்து வீட்டான், “அவன் பிள்ளைக்குச் சாரட்டு வந்ததே, நம் பெண்ணுக்கு வேண்டாமா?” என்று கடன் வாங்குவான். கடன் எவனிடத்தில், என்ன வட்டிக்கு என்பது கிராணிக்குத் தெரியும். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தமக்கையாருக்கு மறுபடியும் எழுதிவிட்டோம். சாரட்டு வாடகை என்ன தொகையோ அதை ஒரு காசு குறையாமல் மணப்பெண்ணின் பேரில் சேமிப்புக் கணக்கில் போடுகிறோம். தாய்மாமன் சீரில் அதற்கு மேலும் ஒரு பவுன் வைக்கிறோம். சாரட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. நல்லது. கோயிலிலிருந்து மண்டபம் கால் மைல்கூட இல்லை. அவர்கள் வண்டியிலே வரட்டும். நாமும் இல்லாளும் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறோம். மருமகன் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.