ஹாரி பாட்டர் திரைப்படங்கள் நீக்கிய கூலிக் கேள்வி

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் புதினங்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக எச்பிஓ நிறுவனம் 2023இல் அறிவித்தது. தொடர் மூலநூலுக்கு நெருக்கமாக இருக்கும் என்றும் அப்போது உறுதியளித்தது. 2001 முதல் 2011 வரை வெளிவந்த எட்டுத் திரைப்படங்கள் எவற்றை விட்டுவிட்டன என்று இத்தருணத்தில் கேட்பது பொருத்தமானது. விடுபட்டவற்றுள் முதன்மையானது எல்ஃபுகளின் அடிமைத்தனம் என்பது நமது கருத்து.

எல்ஃபுகள் மந்திரவாதிகளின் வீடுகளில் பிறப்பாலேயே பணியாளர் ஆனவர்கள். அவர்களுக்குக் கூலியோ விடுப்போ இல்லை. விங்கி என்னும் எல்ஃபின் தாயும் பாட்டியும் அதே குடும்பத்திற்கே உழைத்தவர்கள். எசமானர் உடை கொடுத்தால்தான் விடுதலை. அதுவரை பழைய தலையணை உறையும் துடைக்கும் துணியுமே உடுப்பு.

2000இல் வெளிவந்த நான்காம் புதினத்தில், பள்ளியில் தான் உண்ணும் உணவு நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃபுகளின் கூலியற்ற உழைப்பால் வருவதை ஹெர்மயனி அறிகிறாள், தட்டை ஒதுக்கிவைக்கிறாள். பின்னர் ஒரு சங்கம் தொடங்குகிறாள். நியாயமான கூலியும் பணிச்சூழலும் அதன் உடனடிக் கோரிக்கைகள். மந்திரக்கோல் குறித்த சட்டத்தை மாற்றுவதும், எல்ஃபுகளை ஆளும் அரசுத் துறையில் ஓர் எல்ஃபுக்கு இடம் பெறுவதும் நீண்டகால இலக்குகள். கூலி, சட்டம், பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றையும் ஒரு சிறுமி வரிசைப்படுத்துகிறாள்.

மைக் நியூவெல் இயக்கத்தில் 2005இல் வந்த நான்காம் படத்தில் அந்தச் சங்கமும் இல்லை, விங்கியும் இல்லை. நூலில் டாபி என்னும் எல்ஃப் கொண்டுவந்து தரும் நீர்ப்பூண்டைப் படத்தில் நெவில் என்னும் மாணவன் தருகிறான். நேரமின்மையே காரணம் என்று கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. நூலில் போட்டிக் களத்திற்குள்ளேயே முடியும் டிராகன் மோதல், படத்தில் கோட்டைக் கூரைகள்மீது நீண்ட துரத்தலாக வளர்க்கப்பட்டது. அதற்கு நேரம் இருந்தது.

இந்த நீக்கம் பாத்திரங்களையே மாற்றிவிட்டது. மூன்றாம் படத்தில் ரானுக்குரிய துணிச்சலான வசனம் ஹெர்மயனிக்குத் தரப்பட்டது. திரையில் அவள் மேலும் வீரமிக்கவள் ஆனாள். ஆனால் பிறர் நகைத்தபோதும் அவள் கைவிடாத அரசியல் காணாமற்போனது. எல்ஃபுகளுக்கு அடிமை வேலை பிடித்தமானது என்று வாதிட்ட ரான், ஏழாம் புதினத்தின் போர்க்களத்தில் சமையலறை எல்ஃபுகளை வெளியேற்ற வேண்டும் என்கிறான். அக்கணமே ஹெர்மயனி அவனை முத்தமிடுகிறாள். 2011இல் வந்த இறுதிப் படத்தில் அம்முத்தத்திற்கும் எல்ஃபுகளுக்கும் தொடர்பே இல்லை. ரானின் மனமாற்றம் அழிந்து, காதல் மட்டும் எஞ்சியது.

நூலில் டாபி தன் கூலியைத் தானே பேசி முடிவுசெய்கிறான்: வாரம் ஒரு காலியன், மாதம் ஒரு நாள் விடுப்பு. தனக்கு எசமானர் இல்லை என்று படத்திலும் அவன் அறிவிக்கிறான். அக்காட்சியின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கூலி பேசும் தொழிலாளி அங்கே இல்லை. நன்றிக்கடனுக்காக உயிர்விடும் நண்பனே இருக்கிறான். கிரீச்சர் என்னும் எல்ஃபின் வரலாறும் அவ்வாறே வெட்டுண்டது. அவனை நச்சுநீர் குடிக்கவைத்துச் சாகவிட்டுச் சென்றான் வால்டமார்ட். அதை அறியாத பார்வையாளருக்குக் கிரீச்சர் வெறும் முணுமுணுக்கும் கிழவனாகவே தெரிகிறான்.

மூலநூலும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஹெர்மயனியின் சங்கம் பெரும்பாலும் நகைச்சுவையாகவே நடத்தப்படுகிறது. அவளும் எல்ஃபுகளிடம் கேட்காமலேயே அவர்களுக்காக முடிவெடுக்கிறாள். போர் முடிந்ததும் கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று ஹாரி எண்ணுவதோடு அடிமைத்தனம் அப்படியே நிற்கிறது. எனினும் நூல் அக்கேள்வியை எழுப்பியது. வாசகர் அதனோடு சண்டையிட முடிந்தது. திரைப்படம் சண்டைக்கான களத்தையே அகற்றிவிட்டது.

சாதி, வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கினார். பிறப்பால் விதிக்கப்படும் பணியை நாம் நன்கறிவோம். அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள் என்னும் வாதத்தையும் அறிவோம். மலக்குழியில் இறங்குவோரைக் குறித்தும் அதையே கேட்டிருக்கிறோம். கற்பனைக் கதையில்கூட அந்த வாதத்தை எதிர்த்த ஒரு குரல், சந்தைக்குத் தேவையற்றதென முதலில் வெட்டப்படுவதை நாம் எளிதாகக் கடந்துசெல்ல இயலாது.

பல மணி நேரம் ஓடும் தொடருக்கு நேரமின்மை என்னும் சாக்கு இருக்காது. விங்கி திரையில் தோன்றுகிறாளா, சங்கத்தின் கோரிக்கைகள் ஒலிக்கின்றனவா, கிரீச்சரின் வரலாறு சொல்லப்படுகிறதா என்று பார்ப்போம். ஹெர்மயனிக்கு முன்பாக எல்ஃபுகளே தம் கூலியைப் பற்றிப் பேசுகிறார்களா என்பதையும், நூலே தவறவிட்ட அந்த இடத்தையும், சேர்த்தே கேட்போம்.