உடையும் ஒரு குற்றமா?

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தெலங்கானா ஹைக்கோர்ட்டார் அளித்த ஒரு தீர்ப்பு, ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்தது. அத்தீர்ப்பினால் ரத்தான சட்டத்தின் வயது 104. ஹைதராபாத் ஸமஸ்தானம் நிஜாமின் ஆளுகையில் இருந்தபோது, பஸலி 1329-ல், அதாவது 1919-ல், பிறந்தது அது. 'அலிகள் சட்டம்' என்பது அதன் பெயர். பெயரிலேயே இழிவைச் சுமந்திருந்த அச்சட்டத்தைப் பற்றி நம் நேயர்கள் சிறிது சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

அச்சட்டம் விதித்தது யாது? பையன்களைக் கடத்துவோர் என்று போலீஸார் சந்தேகங் கொள்ளும் திருநங்கையரின் பெயரும் வாசஸ்தலமும் ஒரு ஜாபிதாவில் ஏறும். சந்தேகமே போதும், ருஜு வேண்டுவதில்லை. ஜாபிதாவில் ஏறிய ஒருவர் பெண்ணுடை தரித்தேனும் நகை பூண்டேனும் வீதியில் காணப்பட்டால், வாரண்டு இன்றியே கைது செய்யலாம். வீதியில் செல்வோர் கண்ணிற் படும் நோக்கத்துடன் வேறோரிடத்தில் நின்றாலும் அப்படியே. பொதுவிடத்தில் ஆடினாலும் வாத்தியம் வாசித்தாலும் அப்படியே. தண்டனை 2 ஆண்டு வரையில் சிறைவாசம். அவர் ஒருவன் பொருளைத் திருடவில்லை, ஒருவனையும் அடிக்கவில்லை. சேலை உடுத்தியதே குற்றம், வளையலே ஸாட்சியம்.

நிஜாம் ஸர்க்கார் இதனைப் புதிதாகக் கற்பித்துவிடவில்லை. 1871-ல் பிரிட்டிஷார் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகத்தில் ஏறக்குறைய இதே விதிகள் உள்ளன. அச்சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஜாபிதாவில் ஏறியவர் உயில் எழுதலாகாது, தானம் செய்யலாகாது, பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கலாகாது. இவ்வகுப்பார் நாளடைவில் இல்லாதொழிய வேண்டும் என்பதே வடமேற்கு மாகாணத்து அதிகாரிகளின் கருத்து. ஒரு கூட்டத்தாரை அழிக்க அவர்கள் பீரங்கியைத் தேடவில்லை. உடையையும், பாட்டையும், வாரிசையும் பறித்தாலே போதுமென்று கண்டார்கள்.

உடை வெறுந் துணியன்று என்பதை நம் தேசத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுமா? 1930-ஆம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்தில் காந்திக் குல்லாய் அணிந்தமைக்காகவே தடியடி பட்டோர் பலர். குல்லாயைக் கழற்றியிருந்தால் அடி விழுந்திராது. எனினும் கழற்றவில்லை. தான் இன்னார் என்பதை உலகறியச் சொல்லும் உரிமையை அவர்கள் விட மறுத்தார்கள். அதே உரிமையைத்தான் திருநங்கையும் திருநம்பியும் தினந்தோறும் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது கேட்கிறார்கள்.

1952-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் தேசமெங்கும் ஒழிந்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில், ஒருவர் தம் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடையாலும் வெளியிடுவது அரசியல் சாஸனத்தின் 19-ஆவது ஷரத்து அளிக்கும் பேச்சுச் சுதந்திரத்தைச் சேர்ந்ததே என்று தெளிவாகத் தீர்மானித்தார்கள். ஆயினும் ஹைதராபாத் சட்டம் அதன் பின்னரும் ஒன்பது ஆண்டுகள் ஏட்டில் உயிரோடிருந்தது. தெலங்கானா ஹைக்கோர்ட்டார் அது 14, 21-ஆவது ஷரத்துக்களுக்கு முரணானது எனக் கண்டு நீக்கினார்கள். இடையில், 2011-ல், கர்நாடக ஸர்க்கார் தம் போலீஸ் சட்டத்தில் 36-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, பழைய ஜாபிதா முறைக்கே மீண்டும் வழி திறந்தார்கள். பிறகு அதிலிருந்த இழிசொல் மாற்றப்பட்டது. பிரிட்டிஷார் போனார்கள், அவர்கள் எழுதிவைத்த சந்தேகம் போகவில்லை.

"பிள்ளைகளைக் கடத்துவோரையும் வழிப்போக்கரைத் தொல்லைப்படுத்துவோரையும் சட்டம் விட்டுவிடலாமா?" என்று சிலர் கேட்பர். விட வேண்டாம். கடத்தலுக்கும் மிரட்டலுக்கும் பொதுச் சட்டம் இருக்கிறது. குற்றம் செய்தவர் எவராயினும் அதன்படி தண்டிக்கப்படட்டும். ஒருவர் செய்த குற்றத்துக்காக ஒரு வகுப்பையே ஜாபிதாவில் ஏற்றுவது நியாயமாகாது. யாசகத்தைக் குறை கூறுவோரையும் ஒன்று கேட்கிறோம். வேலை கேட்டு வந்தவரை "ஆணுடையில் வா" என்று திருப்பியனுப்பியது யார்? வாடகைக்கு வீடு கேட்டபோது கதவைச் சாத்தியது யார்? பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாயிருந்தும் நின்றுகொண்டே பயணம் செய்தது யார்? சட்டத்தின் ஜாபிதாவை ஹைக்கோர்ட்டார் கிழித்தார்கள். நம் மனத்தில் உள்ள ஜாபிதாவைக் கிழிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை.

2019-ல் பார்லிமெண்டு இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். தன்னைத் தான் இன்னாரென உணரும் உரிமையை அது ஒரு பிரிவில் ஒப்புக்கொண்டது. அடுத்த பிரிவுகளிலேயே அதற்கு ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டிடம் அத்தாட்சி பெற வேண்டும் என்றது. திருநர் ஒருவருக்குச் சரீரக் கொடுமையோ பாலியல் கொடுமையோ இழைப்பவனுக்கு அது விதித்த தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரையில். அதே காலத்தில் ஒரு ஸ்திரீயைப் பலாத்காரம் செய்தவனுக்கு இந்தியப் பீனல் கோடு விதித்தது குறைந்தது 10 ஆண்டு. நேயர்கள் இரு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1919-ல் சேலை உடுத்திய திருநங்கைக்கு 2 ஆண்டு. 2019-ல் அத்திருநங்கையை மானபங்கம் செய்தவனுக்கும் 2 ஆண்டு. நூறு வருஷ முன்னேற்றம் இதுதானா?

தமிழ்நாடு இவ்விஷயத்தில் முற்றிலும் பின்தங்கி நின்றதென்று கூற மாட்டோம். 2008-ல் திருநங்கையர் நல வாரியம் இங்கே அமைந்தது. 2015-ல் பிரித்திகா யாஷினி என்பவர் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்காடி, போலீஸ் ஸப் இன்ஸ்பெக்டர் உத்தியோகத்திற்கு வழி பெற்றார். எந்த இலாகா அவர்களைப் பிடித்து அடைத்ததோ அதே இலாகாவின் உடுப்பை அவர்களில் ஒருவர் அணிந்தது சிறிய விஷயமன்று. ஆனால் கோர்ட்டு வாசலை மிதிக்க வகையற்றோரே பலர்.

ஆகவே நாம் கூறுவது இது. ஒவ்வொரு மாகாண ஸர்க்காரும் தம் போலீஸ் சட்டங்களையும் நிலையுத்தரவுகளையும் ஒருமுறை முழுதும் புரட்டிப் பார்த்து, உடையையும் நடையையும் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளும் வாசகங்களைத் தாமே நீக்க வேண்டும். எவரேனும் வழக்காடட்டும், அதுவரை இருக்கட்டும் என்று காத்திருப்பது பொறுப்புள்ள ஆட்சிக்கு அழகன்று. திருநருக்கு இழைக்கும் கொடுமைக்குரிய தண்டனை பிறருக்கு இழைக்கும் கொடுமைக்குரியதிலிருந்து ஓர் அணுவும் குறையலாகாது. சுதந்திரம் என்று மேடைதோறும் முழங்கும் நம் ஊழியர்கள், தம் தெருவில் ஒரு திருநங்கை அச்சமின்றி நடந்து கடைக்குப் போய்வர முடிகிறதா என்பதையும் பார்க்கட்டும். முடியாதாயின், அத்தெருவிற்கு இன்னும் சுதந்திரம் வந்து சேரவில்லை.