பெரியகடைக்கு நாம் பட்ட கடன்

கல்லூரி மலரொன்று கைக்கு வந்ததும் நம்மிற் பெரும்பாலோர் முதலிற் தேடுவது தம் வகுப்புப் படத்தையே. இறுதிப் பக்கங்களில் உள்ள விளம்பரங்களைப் படிப்போர் அரியர். ஆயினும் அப்பக்கங்களை ஒருமுறை பொறுமையுடன் புரட்டிப் பார்த்தல் நன்று. புடைவைக்கடை, நகைமாடம், புத்தகசாலை, சைக்கிள் கடை, சைவ போசனசாலை என ஒரு நகரமே அங்கே வரிசையாய் நிற்கும். மலர் அச்சேறுவதற்கு அவர்கள் தந்த பொருளும் துணை செய்தது. நாமோ அவர்களை ‘விளம்பரம் உதவிய வர்த்தகப் பெருமக்கள்’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றோம். அக்கடன் அத்துணை எளிதில் தீர்வதன்று.

யாழ்ப்பாணம் கடையாலும் தொழிலாலும் பெயர் கொண்ட நகரம். பெரியகடை, சின்னக்கடை என்பன அதன் பகுதிகள். முட்டாசுக்கடைச் சந்தி, தட்டாதெருச் சந்தி என்பன அதன் சந்திகள். கஸ்தூரியார் வீதியிற் பொற்கொல்லர் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. சந்தைப் பக்கம் சென்றால் பனங்கட்டியும் ஒடியலும், சுளகும் கடகமும் கண்ணிற் படும். வாழையிலையிற் சோறு படைக்கும் ‘மலாயன் கபே’யின் பெயரைக் கேட்கும்போதே, நம் முன்னோர் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிக் கப்பலேறிய காலம் நினைவுக்கு வருகின்றது. இவற்றையெல்லாம் காண வாகனம் வேண்டா. ஒரு மாலைப்பொழுதும் நடக்கக் கால்களும் போதும்.

கல்லூரி மணி அடித்த பின் நாம் கற்ற பாடங்கள் பல இக்கடைகளிலேயே கற்றவை. வாங்கக் காசின்றிப் புத்தகசாலையில் நின்றபடியே பாதி நூலைப் படித்து முடித்த நாள்கள் உண்டு. அதைக் கண்டும் காணாதவர் போலக் கணக்கெழுதிக்கொண்டிருந்த முதலாளியின் பெருந்தன்மையை அன்று நாம் உணர்ந்திலோம். தேநீர்க் கடையில் ஒரு பத்திரிகையை அறுவர் பங்கிட்டு வாசித்து, ஒரு வடைக்கு ஒரு மணி நேரம் அரசியல் பேசினோம். எழுந்து போகுமாறு எவரும் சொன்னதில்லை. பணம் போதாத நாளிற் கொப்பியில் எழுதிக் கொடுத்தவர்கள், நம் தந்தையாரின் பெயரை அறிந்தே கொடுத்தார்கள். நம்பிக்கை என்பது யாதென நாம் அங்கேதான் கண்டோம்.

இக்கடைகள் இன்றும் இருப்பது தற்செயலன்று. 1981ஆம் ஆண்டிற் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்ட அந்நாள்களிலேயே பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயிற்று. எனினும் மீண்டும் எழுந்தது. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் அரும்பொருள்களாயின. அப்போது சைக்கிள் டைனமோவைக் கொண்டு வானொலி கேட்கவும், ஜாம் போத்தலில் விளக்கெரிக்கவும் மக்கள் வழி கண்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் நகரமே வெறிச்சோடியது. திரும்பி வந்தவர்கள் கதவிழந்த கடைகளைக் கூட்டித் துடைத்து, மீண்டும் விளக்கேற்றினார்கள்.

ஆனால், திரும்பி வர இயலாதோரையும் ஈண்டு நினைத்தல் கடனாகும். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். இரும்புக் கடைகளும் தையற் கடைகளும் ஒரே நாளில் ஆளற்றுப் போயின. நம் கல்லூரிக் காற்சட்டைகளைத் தைத்த கைகள் அவற்றுள் இல்லையென எவர் கூறுவர்? பெரியகடையின் சிறப்பைப் பாடி அதனை மட்டும் மறைப்போமாயின், நம் நினைவு நேர்மையுடையதாகாது.

2009இற் போர் ஓய்ந்த பின்னர், கொழும்புப் பெருநிறுவனங்களின் பல்பொருள் அங்காடிகள் இங்கும் வந்துள்ளன. அவற்றைப் பழிப்பது எம் கருத்தன்று. அங்கே விலை எழுதப்பட்டிருக்கின்றது. இடம் குளிர்ச்சியாய் உள்ளது. எவரும் முகஞ் சுளிப்பதில்லை. நம் சிறு கடைகளிற் குறையில்லை என்று வாதிடவும் நாம் வரவில்லை. விலையைக் கேட்டால் ஆளைப் பார்த்துச் சொல்வோரும், மாற்றித் தரக் கேட்டாற் சினப்போரும் உளர். அவர்கள் திருந்தவே வேண்டும். ஆயினும் பெரிய அங்காடி நம் முகத்தை அறியாது. ஈட்டிய இலாபம் இவ்வூரில் தங்குவதும் அரிது. கல்லூரி விளையாட்டுப் போட்டிக்குக் குளிர்பானம் வேண்டுமெனின் நாம் கடிதமெழுதாது நேரிற் சென்று கேட்கக்கூடிய இடம் சந்திக் கடை ஒன்றே.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தேநீர்க் கடையைப் பற்றி இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மணிக்கணக்கிற் பேசுகின்றோம். ஊருக்கு வந்தாலோ வாகனத்திலிருந்தபடி அதைக் காட்டிவிட்டு அப்பாற் செல்கின்றோம். நினைவினால் எந்தக் கடையும் வாடகை கட்டியதில்லை. இறங்கிச் சென்று, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, ஒரு கோப்பை தேநீராவது அருந்துவோமாக.

கல்லூரியும் தன் பங்கைச் செய்யலாம். பரிசு நூல்களை நகரப் புத்தகசாலைகளில் வாங்கலாம். விழாச் சிற்றுண்டியை உள்ளூர்க் கடைகளிற் பெறலாம். உயர்தர வகுப்பு மாணவர் வீதிக்கு ஒருவராய்ச் சென்று, முதிய கடைக்காரரின் வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டெழுதலாம். அடுத்த மலரில் அவ்வரலாறுகள் விளம்பரப் பக்கங்களுக்கு முன்னே இடம்பெறுமாயின், நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும்.