உள்ளேயா, வெளியேயா? – யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?



2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, பிரிட்டன் மக்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா என்பதே அந்தக் கேள்வி. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 விழுக்காடு. தொடரலாம் என்றவர்கள் 48.1 விழுக்காடு. ஸ்காட்லாந்திலோ 62 விழுக்காட்டினர் தொடரவே விரும்பினர். ஒரே நாடு, ஏன், ஒரே குடும்பம்கூட இரண்டாகப் பிரிந்து நின்றது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டன் வெளியேறிவிட்டது. வாக்குவாதம் மட்டும் அதோடு முடிந்துவிடவில்லை.

இது எங்கோ நடந்த கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். தொடர்பு உண்டு. இதே கேள்வி, வேறொரு வடிவில், நம் நாட்டின் முன்பும் வந்து நின்றது.

ஆசியான் அமைப்பின் பத்து நாடுகள், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு இந்தியாவையும் சேர்த்து, 16 நாடுகளின் பெரிய வர்த்தகக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்க 2012ஆம் ஆண்டு பேச்சுவார்த்தை தொடங்கியது. பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை என்பது அதன் பெயர். ஆர்.சி.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏழு ஆண்டுகள் பேசிய பிறகு, 2019ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, பாங்காக் நகரில் நடந்த உச்சி மாநாட்டில், 'நாங்கள் சேரவில்லை' என்று இந்தியா அறிவித்தது. மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டன் உள்ளே இருந்து வெளியே வந்தது. இந்தியா வாசல்வரை சென்று திரும்பி வந்தது. ஆனால் கருத்து வேறுபாடு இங்கும் ஆழமானதே. பொதுவாக எதிரெதிரே நிற்கும் சுதேசி ஜாக்ரண் மஞ்ச், இடதுசாரிக் கட்சிகள், காங்கிரஸ் ஆகிய மூன்றும் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தன. அமுல் கூட்டுறவு நிறுவனமும் எதிர்த்தது. விவசாயச் சங்கங்கள் வீதிக்கு வந்தன. நியூசிலாந்தின் பால் பவுடர் வரியின்றி வந்து குவிந்தால், ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். சீனப் பொருள்கள் வெள்ளமாக வந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. மறுபுறம், பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா போன்றோரும், சுர்ஜித் பல்லா தலைமையில் அரசே அமைத்த உயர்மட்ட ஆலோசனைக் குழுவும், சேர்வதே நல்லது என்றனர். வெளியே நின்றால் தொழிற்சாலைகள் வியட்நாம் போன்ற நாடுகளுக்குப் போய்விடும் என்பது அவர்களது வாதம்.

யார் சொன்னது சரி? இதற்கு விடை தேட நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. வாலாஜாபாத்தில் நின்று பார்த்தாலே போதும்.

வண்டலூர் சாலையில் கிழக்கே சென்றால் ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் திருப்பெரும்புதூர். கார், லாரி, டயர், செல்போன், தொலைக்காட்சி என்று உலகச் சந்தையை நம்பி நிற்கும் ஆலைகள் இந்தப் பாதையில் வரிசையாக இருக்கின்றன. கார்கள் வாலாஜாபாத்திலேயே ரயிலேறி வெளி மாநிலங்களுக்குப் போகின்றன. அதே வாலாஜாபாத்தைச் சுற்றி, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் கிராமங்களும் இருக்கின்றன. காஞ்சிபுரம் பக்கம் போனால் பட்டுத் தறிகள். ஒரே வீட்டில் அம்மா பால் ஊற்றுகிறார். மகன் கம்பெனி பேருந்தில் ஷிப்டுக்குப் போகிறான். கதவைத் திறந்தால் அம்மாவுக்குப் பயம். மூடினால் மகனுக்குப் பயம்.

இதில் ஒரு நிகழ்வை நாம் மறந்துவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை, தொலைக்காட்சிப் பெட்டியின் முக்கிய பாகமான திரைக்குச் சுங்கவரி விதித்தது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதே நோக்கம். ஆனால் வியட்நாமில் முழுதாகத் தயாரான பெட்டியோ, ஆசியான் நாடுகளுடன் நாம் ஏற்கெனவே செய்திருந்த ஒப்பந்தத்தின்படி, வரியின்றி உள்ளே வர முடிந்தது. பாகத்துக்கு வரி, முழுப் பொருளுக்கு வரி இல்லை! விளைவு? அந்த ஆண்டே சாம்சங் நிறுவனம் திருப்பெரும்புதூர் ஆலையில் தொலைக்காட்சி உற்பத்தியை நிறுத்திவிட்டு, வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்யத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் அரசு அந்த வரியை நீக்கியது. தொழிலாளியைக் காக்கவென்று போட்ட வேலியே தொழிலாளியின் வேலையைத் தடுத்தது.

இதைக் கேட்டு, கதவைத் திறந்துவிடுவதுதான் தீர்வு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டை எடுத்துக்கொள்வோம். சீனாவிலிருந்து கச்சாப் பட்டு மலிவாக வந்தால் காஞ்சிபுரத்து நெசவாளர் மூச்சுவிடுகிறார். ஆனால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டுக்கூடு வளர்க்கும் விவசாயிக்கு விலை கிடைப்பதில்லை. இருவரும் ஏழைகளே. ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு இழப்பு.

வெளியே நின்றதால் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதா? 2018-19 நிதியாண்டில் சீனாவுடனான நமது வர்த்தகப் பற்றாக்குறை 5,300 கோடி டாலருக்கு மேல். கூட்டமைப்பில் சேராமலே, 2024-25இல் அது ஏறத்தாழ 9,900 கோடி டாலராக உயர்ந்துவிட்டது. எனவே, 'வெளியே வந்தோம், தப்பித்தோம்' என்று சொல்பவரும், 'உள்ளே போயிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும்' என்று சொல்பவரும், பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் நாம் எதைக் கவனிக்க வேண்டும்? பாங்காக்கில் பிரதமர் நரேந்திர மோடி தம் முடிவுக்குக் காரணமாகக் காந்தியடிகளின் அறிவுரை ஒன்றை நினைவுபடுத்தினார். நீ பார்த்தவர்களிலேயே மிக ஏழையான, மிக நலிந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொள். நீ எடுக்கப்போகும் முடிவு அவருக்கு ஏதாவது பயன் தருமா என்று உன்னையே கேள் என்பதே அந்த அறிவுரை. மிக நல்ல அளவுகோல். ஆனால் அந்த முகம் யாருடையது என்பதை யார் முடிவு செய்வது? அந்த மனிதரையே கூப்பிட்டுக் கேட்டோமா?

நம் நாட்டில் பன்னாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயம் அல்ல. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மாநிலங்களின் ஒப்புதலும் தேவையில்லை. ஏழு ஆண்டுப் பேச்சுவார்த்தையில் வரைவுகள் மக்கள் முன் வைக்கப்படவில்லை. பிரிட்டனிலோ எல்லாரையும் கேட்டார்கள். ஆனால் 'தொடர்வதா, வெளியேறுவதா' என்று மட்டுமே கேட்டார்கள். வெளியேறினால் எந்தத் தொழில், எந்த ஊர், எந்த எல்லை என்ன ஆகும் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

இந்தப் பின்னணியில் ஒன்றைக் கவனியுங்கள். பால் உற்பத்தியாளர்களுக்குச் சங்கம் இருந்தது. அவர்களின் குரல் கேட்டது. 2022இல் ஆஸ்திரேலியாவுடனும், 2025 ஜூலையில் பிரிட்டனுடனும் இந்தியா தனித்தனியே ஒப்பந்தம் செய்தபோது, பால் பொருள்களுக்கு வரிச்சலுகை தரப்படவில்லை. கேட்டவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. கேட்க முடியாதவர்களுக்கு? 2014 நவம்பரில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளையோர், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், வேலை இழந்தார்கள். 2024ஆம் ஆண்டு சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கே இந்த நிலை என்றால், பல மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் குரல் எந்தப் பேச்சுவார்த்தை மேசையை எட்டும்?

திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்ற திருமடலில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். இரு தரப்பும் சமமற்ற நிலையில் இருக்கும்போது, இருவரும் சம்மதித்துவிட்டார்கள் என்பதால் மட்டும் ஒப்பந்தம் நீதியானதாகிவிடாது என்பது அவர் கருத்து. நாடுகளுக்கிடையே இது பொருந்தும். ஒரு நாட்டுக்குள், ஒரே தெருவுக்குள்ளும் பொருந்தும்.

ஆர்.சி.இ.பி. பற்றிய விவாதம் ஓய்ந்துவிடவில்லை. இந்தியா அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் நிதி ஆயோக்கின் தலைமை நிர்வாக அதிகாரியே பேசினார். வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலோ அந்தக் கூட்டமைப்பைத் தொடர்ந்து மறுத்து வந்திருக்கிறார். கேள்வி மீண்டும் வரும். அப்போது தேசப்பற்று, வளர்ச்சி என்ற பெரிய சொற்களைச் சொல்லி நம்மை இரு அணிகளாகப் பிரிக்கப் பார்ப்பார்கள். பிரிந்து நின்று சண்டையிடுவதற்கு முன், அடுத்த அன்பியக் கூட்டத்தில் பால் ஊற்றும் அம்மாவையும், கம்பெனிக்குப் போகும் தம்பியையும், தறியில் உட்காரும் அண்ணனையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுவோம். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரரையும் பீகார்க்காரரையும் அழைப்போம். அவர்கள் பேசியதை எழுதி, நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். உள்ளே போவதா, வெளியே நிற்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். முதலில், அந்த முடிவின் விலையைக் கொடுக்கப்போகிறவர் பேசட்டும்.