தோற்றவனுக்குக் கதை கிடையாதா?

சரித்திர நாவல் என்றால் தஞ்சாவூர்தான் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதினார். அவர் கல்வெட்டுச் செய்திகளையும் ஆராய்ச்சி நூல்களையும் படித்து எழுதினார். பின்னால் வந்தவர்களில் பலர் அவரைப் படித்து எழுதினார்கள். இது சாமானிய வித்தியாசமா?

நான் எழுதவிருக்கும் முதல் சரித்திர நாவலுக்குத் தஞ்சாவூர் வேண்டாம். அச்சன்புதூரில் பஸ் ஏறினால் தென்காசி. அங்கே 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், மதுரையை இழந்துவிட்ட வமிசத்தவன். பிற்காலத்தில் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடப் போகிறவர்களை இப்போதே அடிபணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அவன் பயந்தபடியே கோபுரம் சிதைந்தது. 1990-இல்தான் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. முடிசூடிய ஒருவன், பிறக்கவே பிறக்காத ஜனங்களைக் கும்பிடுகிறான்! வாள் சுழற்றினால்தான் கதாநாயகனா?

"வாசகருக்கு வெற்றி வேண்டும், ஸார்" என்கிறார் ஒரு பதிப்பாளர். உங்களை அவ்வளவு மட்டமாக எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, என் நோட்டுப் புத்தகம் போர்க்களத்தில் ஆரம்பிக்கவில்லை, மடைப்பள்ளியில் ஆரம்பிக்கிறது. அவன் காலத்தில் மிளகாய் கிடையாது. அது பிற்பாடு போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சரக்கு. காரத்துக்கு மிளகுதான். அந்த அரண்மனையில் மிளகாய் வற்றலைத் தாளிக்கிற ஆசிரியரை நம்பி அவனுடைய மனத்தை எப்படி ஒப்படைப்பது? கல் எங்கிருந்து வந்தது, கல்தச்சனுக்குக் கூலி எப்படி அளந்தார்கள் என்று ஓரளவாவது தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் அத்தியாயம்.