அமெரிக்க லாரிக் கம்பெனிகளின் தம்பட்டம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதிகமாக விற்பனையாகும் மோட்டார் வாகனம் எது என்று கேட்டால், நம்மில் பலர் ஏதேனும் ஒரு காரின் பெயரைக் கூறுவார்கள். உண்மை அதுவன்று. பல வருஷங்களாக அங்கே விற்பனையில் முன்னிற்பது பிக்கப் என்று வழங்கும் லாரியே. முன்புறத்தில் ஆட்கள் அமர்வதற்கு அறையும், பின்புறத்தில் சாமான் ஏற்றுவதற்குத் திறந்த தொட்டியும் உள்ள இவ்வண்டி, ஒரு காலத்தில் குடியானவனுக்கும் தச்சனுக்கும் கொத்தனுக்கும் உரிய தொழிற்கருவியாக இருந்தது. இன்று அது குடும்ப வாகனமாகவும், அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. இவ்வகையில் முழு அளவினது எனப்படும் வண்டியின் சராசரி விலை 2024-ல் 60,000 டாலருக்கு மேற்பட்டிருந்தது. சாதாரணக் குடும்பஸ்தன் ஒருவன் பல வருஷத் தவணைக் கடனில் தன்னை அடகு வைத்தே இதை வாங்க வேண்டியிருக்கிறது. ஆதலால் இவ்வண்டியைப்பற்றி அதைச் செய்பவர்கள் கூறும் சொல் மெய்யா, மெய்போல் தோன்றுவதா என்பது அற்ப விஷயமன்று.

இச்சந்தையில் போட்டியிடும் கம்பெனிகள் மிகச் சில. போர்டு கம்பெனியின் எப் வரிசை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஷெவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா, ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனியின் ராம், ஜப்பானிய டொயோட்டாவின் டண்ட்ரா ஆகியவையே முக்கியமானவை. நிஸ்ஸான் கம்பெனியின் டைட்டன் 2024-ல் உற்பத்தி நின்று களத்தைவிட்டு விலகியது. போட்டியாளர் சிலரே ஆயினும் கூச்சலுக்குக் குறைவில்லை. நானே முதல்வன் என்று ஒவ்வொருவரும் பறையறைகிறார்கள். எல்லோரும் முதல்வராக இருப்பது எங்ஙனம்? இவர்களில் பொய் சொல்பவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள விந்தை. மெய்யைக்கொண்டே மயக்கும் வித்தையை இவர்கள் நன்கு பயின்றிருக்கிறார்கள். அவ்வித்தையின் சூட்சுமத்தையே இன்று ஆராய விரும்புகிறோம்.

முதலில் விற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் லாரி தன்னுடையதே என்று போர்டு கம்பெனி பல்லாண்டுகளாகப் பெருமை பேசி வருகிறது. 2023-ல் எப் வரிசை வண்டிகள் 7½ லட்சத்துக்குச் சற்று அதிகமாக விற்பனையாயின. ஷெவர்லே சில்வராடோ சுமார் 5½ லட்சந்தான். எனவே போர்டு முதல்வன். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, ஏறக்குறைய ஒரே அஸ்திவாரத்தின்மேல் செய்யும் வண்டியை ஷெவர்லே என்றும் ஜி.எம்.சி. என்றும் இரு பெயர்களால் விற்கிறது. அவ்வருஷத்தில் சியரா விற்ற தொகை 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டையுங் கூட்டினால் போர்டை மிஞ்சிவிடுகிறது. எனவே ஜெனரல் மோட்டார்ஸும் முதல்வன். ஒருவர் பெயரை எண்ணுகிறார். மற்றவர் கம்பெனியை எண்ணுகிறார். இரண்டும் மெய்யே. தான் வெல்லத்தக்க அளவுகோலைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டவன் தோற்பது எப்படி? மேலும், பலர் வாங்கினார்கள் என்பதனால் நமக்கு அது ஏற்றது என்று ருஜுவாகிவிடாது.

அடுத்தது உலோகச் சண்டை. 2015-ம் வருஷத்து எப்-150 வண்டிக்கு எஃகுக்குப் பதிலாக அலுமினியக் கலவையால் போர்டு கம்பெனி உடல் அமைத்தது. இதனால் வண்டியின் எடை 700 ராத்தல் வரையில் குறைந்தது. ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 454 கிராம். இது மெச்சத்தக்க இன்ஜினீயரிங் வேலைதான். ஆனால் விளம்பரத்தில் அதற்கு இட்ட பெயர் ராணுவத் தரமுள்ள அலுமினியம் என்பது. ராணுவம் என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்த வாசகன், அச்சொல்லைக்கொண்டு எந்த அளவைச் சோதித்துப் பார்ப்பான்? இதற்கு மறுமொழியாக 2016-ல் ஷெவர்லே ஒரு காட்சி நடத்தியது. இரு கம்பெனிகளின் வண்டித் தொட்டிகளிலும் 5 அடி உயரத்திலிருந்து 825 ராத்தல் கற்கட்டிகளைக் கொட்டினார்கள். எஃகுத் தொட்டி நசுங்கியது. அலுமினியத் தொட்டி ஓட்டையாயிற்று. பார்த்தவர்கள் கைகொட்டினார்கள். ஆனால் நடந்தது என்ன? அதே ஷெவர்லே, தன் 2019-ம் வருஷத்துச் சில்வராடோவுக்குக் கதவுகளையும், பானெட்டையும், தொட்டியின் பின்கதவையும் அலுமினியத்தாலேயே செய்தது. தொட்டித் தளம் எஃகாகவே நின்றது. எஃகு எங்கே வேண்டும், அலுமினியம் எங்கே வேண்டும் என்பதை இன்ஜினீயர்கள் நிதானமாக யோசித்தே முடிவு செய்கிறார்கள். விளம்பர இலாகாவோ அதைத் தர்மயுத்தமாக்கிக் காட்டுகிறது.

இவை போகட்டும். உயிருக்கே அபாயம் விளைவிக்கக்கூடியது இழுவைச் சக்தியைப்பற்றிய கணக்கு. படகு, குதிரை வண்டி, வீட்டு வண்டி முதலியவற்றைப் பின்னால் பூட்டி இழுப்பதற்காகவே இந்த லாரிகளைப் பலர் வாங்குகிறார்கள். இன்ன வண்டி இத்தனை ஆயிரம் ராத்தல் இழுக்கும் என்ற எண்ணே விளம்பரத்தின் மணிமகுடம். நெடுங்காலமாக இந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த முறைப்படி நிர்ணயித்துவந்தது. பரீட்சை எழுதுகிறவனே மார்க்குப் போடும் பள்ளிக்கூடம் அது. மோட்டார் இன்ஜினீயர்களின் சங்கமாகிய எஸ்.ஏ.இ. 2008-ல் ஜே 2807 என்ற பொது விதியை வெளியிட்டது. அரிஸோனா மாகாணத்தில் டேவிஸ் அணைக்கருகிலுள்ள நீண்ட மலையேற்றத்தில், கடும் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுதும் திறந்து வைத்து, பாரத்தை இழுத்துக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் சாதாரணப் பிக்கப் ஏற வேண்டும் என்பது அவ்விதியில் ஓர் அம்சம். இதை முதலில் ஏற்றது ஜப்பானியக் கம்பெனியாகிய டொயோட்டா. 2011-ம் வருஷத்து டண்ட்ராவுக்கு அவ்விதிப்படி எண்களை வெளியிட்டது. சுதேசக் கம்பெனிகள் மூன்றும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலந்தாழ்த்தி, 2015-ம் வருஷத்து வண்டிகளை ஒட்டியே வழிக்கு வந்தன. தன் எண் மட்டும் குறைந்து, பிறன் எண் உயர்ந்து நிற்குமோ என்ற அச்சமே இத்தாமதத்துக்குக் காரணம் என்று கருதுகிறோம். நாணயத்தால் நஷ்டம் வரும் என்று அஞ்சும் சந்தை நோய்ப்பட்ட சந்தையாகும்.

பொது விதி வந்தபின் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை. 2024-ல் போர்டு எப்-150 வண்டிக்கு 13,500 ராத்தலும், சில்வராடோவுக்கு 13,300 ராத்தலும், டண்ட்ராவுக்கு 12,000 ராத்தலும் உச்ச இழுவையாக அறிவிக்கப்பட்டன. குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட நீளம், குறிப்பிட்ட உபகரணம் எல்லாம் ஒருங்கே பொருந்திய வண்டிக்கே இந்த உச்ச எண் உரியது. கடையில் வரிசையாக நிற்கும் மற்ற வண்டிகளுக்கு அது உரியதன்று. எஸ்.ஏ.இ. விதிப்படிக்கூட ஓட்டுபவரும் உடன் ஒருவரும், தலைக்கு 150 ராத்தல் வீதம், இருப்பதாகவே கணக்கு. மனைவி மக்களும், அவர்கள் மூட்டை முடிச்சுக்களும் அதில் இல்லை.

மெய்யான எண் வேறோரிடத்தில் இருக்கிறது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், நிலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேற்படக்கூடாது என்று, அந்த ஒரு வண்டிக்கே உரிய எண்ணை, அந்நாட்டுச் சட்டத்தின்படி அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சீட்டில் 1,500 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கியவன் 10,000 ராத்தல் வண்டியொன்றைப் பின்னால் பூட்டுகிறான். இழுக்கப்படும் வண்டியின் எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு வரையில் கொக்கியின்மேல் அழுத்துவது வழக்கம். நூற்றுக்கு 12 என்று கொண்டால் 1,200 ராத்தல் அங்கேயே போய்விட்டது. மீதி 300. நடுத்தர ஆட்கள் இருவர் ஏறினால் கணக்குத் தீர்ந்தது. பின் ஆசனத்துக் குழந்தையும் தொட்டியிலுள்ள பெட்டியும் வரம்புக்கு மேற்பட்ட பாரம். 13,500 என்ற எண்ணைத் தொலைக்காட்சியில் கண்டு வாங்கியவன், 10,000 ராத்தலைக்கூடக் குடும்பத்துடன் இழுக்க இயலாத நிலைமையை மலைச் சரிவில் இறங்கும்போதுதான் அறிகிறான். அங்கே பிரேக்குக்கு விளம்பரம் துணை வராது.

எண்களை உயர்த்துவதற்குக் கம்பெனிகள் கையாண்ட யுக்தி ஒன்று 2014-ல் வெளிப்பட்டது. போர்டு கம்பெனியின் எப்-450 கனரக பிக்கப், தன் வகுப்பில் இழுவைக்கு முதன்மையானது என்று கூறப்பட்டது. அவ்வண்டி அந்த வகுப்பைச் சேர்ந்ததே அன்று என ராம் கம்பெனி ஆட்சேபித்தது. அப்பொழுது வெளியான விவரம் யாது? வண்டியை 14,000 ராத்தல் வகுப்புக்குள் அடக்கக் கணக்கிடுகையில், ஸ்டெப்னி சக்கரம், ஜாக்கி, ரேடியோ, ஆசனங்களுக்கு நடுவிலுள்ள பெட்டி முதலியவை இல்லாத வண்டியின் எடையை எடுத்துக்கொண்டார்கள் என்பதே. வாங்குகிறவனோ ஸ்டெப்னியும் ரேடியோவும் உள்ள வண்டியையே வாங்குகிறான். தராசில் ஒரு வண்டி. கடையில் மற்றொரு வண்டி. படிக்கல்லைக் குடையும் சந்தைக் கடைக்காரனை நாம் வைகிறோம். இதற்கு என்ன பெயர் கொடுப்பது?

எண்களால் ஆகாததை உணர்ச்சியால் சாதிக்கும் முயற்சியும் உண்டு. 2018 பிப்ரவரி 4-ந் தேதி, கோடிக்கணக்கான ஜனங்கள் பார்க்கும் சூப்பர் பவுல் பந்தயத்தின் நடுவே, ராம் கம்பெனி தன் லாரிக் காட்சிகளுக்குப் பின்னணியாக மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கக் குரலை ஒலிக்கச் செய்தது. சரியாக 50 வருஷங்களுக்கு முன், 1968-ல், அதே தேதியில் அட்லாண்டா நகரத்து எபனேஸர் ஆலயத்தில் அவர் செய்த பிரசங்கம் அது. சேவையே பெருமை என்ற பகுதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. விளம்பரக்காரர்களின் பேச்சில் மயங்கி, பக்கத்து வீட்டானை மிஞ்ச வேண்டுமென்று சக்திக்கு மீறி மோட்டார் வாங்கும் பேதைமையை அதே பிரசங்கத்தில் அவர் கண்டித்திருக்கிறார். அப்பகுதி விளம்பரத்தில் இல்லை. அவருடைய பிரசங்க உரிமையைக் கவனிப்பவர்களின் அனுமதி பெறப்பட்டது மெய்யே. ஆயினும் அனுமதி வேறு, யோக்கியதை வேறு. அமெரிக்க ஜனங்களே அன்றிரவு பகிரங்கமாகச் சீறினார்கள். அச்சீற்றம் நியாயமானது.

தேசப்பற்றையும் இக்கம்பெனிகள் சந்தைக்கு இழுக்கின்றன. கொடியும் கோதுமை வயலும் இல்லாத லாரி விளம்பரம் அபூர்வம். ஆனால் ராம் கனரக வண்டிகள் மெக்ஸிகோவில் ஸால்ட்டில்லோவில் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. சில்வராடோவில் ஒரு பகுதி மெக்ஸிகோவிலும் கனடாவிலும் செய்யப்பட்டது. அன்னியன் எனப்படும் டொயோட்டாவின் டண்ட்ராவோ டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோவில் உருவாகிறது. டொயோட்டா அங்கே வந்ததற்கு ஒரு முக்கிய காரணம் வரிச்சுவர். ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, அன்னிய லாரிகளின்மீது ஜனாதிபதி ஜான்ஸன் 1964 ஜனவரி முதல் 25 சதவீத வரி விதித்தார். கோழிச் சண்டை தீர்ந்து பல தலைமுறைகளாகியும் லாரி வரி நிலைத்துவிட்டது. ஒரு தேசம் தன் கைத்தொழிலைக் காப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் காப்பு வரியின் பளுவைச் சுமப்பவர் வாங்கும் ஜனங்கள். அவர்கள் செலவில் பாதுகாப்புப் பெற்ற கைத்தொழில், அவர்களிடத்திலேனும் நாணயமாக நடக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

விளம்பரத்தில் வாராத எண்களும் சில உள. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் கனரக லாரிகளில், புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் சாதனங்கள் இருந்தன என்று அமெரிக்க சர்க்கார் தொடுத்த குற்றச்சாட்டின்பேரில், இன்ஜின் செய்த கம்மின்ஸ் கம்பெனி 167½ கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் உடன்பட்டது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் கோளாறுக்காக 2024-ல் டொயோட்டா சுமார் 1 லட்சம் வண்டிகளையும், 2025-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகளையும் திரும்ப அழைத்தன. இன்னொரு விவரம் இவை எல்லாவற்றிலும் கொடியது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டி மோதுவதைவிட, நடந்து செல்பவர் மரணமடைவது சுமார் 45 சதவீதம் அதிகமாக நேரக்கூடும் என்று அந்நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் பாதுகாப்பு ஸ்தாபனம் 2023-ல் கண்டது. உயர்ந்த முகப்பைக் கம்பீரம் என்று விற்கிறார்கள். அக்கம்பீரத்துக்கு விலை கொடுப்பவன் வண்டியை வாங்காதவன்.

விளம்பரம் என்றாலே மிகைதானே, வாங்குகிறவனல்லவா விழிப்பாயிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். புடவையின் சாயத்தைப்பற்றி அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று டன் லாரி தாங்கமாட்டாத பாரத்துடன் சரிவில் ஓடினால், அதன் எதிரே வருகிறவன் எந்த விளம்பரத்தையும் நம்பியவனல்லன். ஆகையால் இது வாங்குபவன் விற்பவன் இருவரது சொந்த விவகாரமாகாது. பொதுஜன விவகாரமேயாம்.

பரிகாரம் கடினமானதன்று. எஸ்.ஏ.இ. விதி கம்பெனிகள் தாமாக ஏற்றது. அதைச் சட்டமாக்க வேண்டும். உச்ச எண்ணை விளம்பரம் செய்கிறவர்கள், கதவு நிலைச் சீட்டிலுள்ள எண்ணையும் அதே அளவான எழுத்தில் கூறும்படி கட்டாயப்படுத்த வேண்டும். முதன்மை என்ற சொல்லை வழங்கினால், எந்த வகுப்பில், எந்த அளவுகோலில் என்பதும் உடன் வரவேண்டும். மெய்யான சரக்குள்ளவனுக்கு இவற்றால் யாதொரு நஷ்டமும் இல்லை.

அதுவரையில் வாங்குகிறவன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தம்பட்டத்தைக் காதால் கேட்பதற்கு முன், கதவைத் திறந்து சீட்டைக் கண்ணால் பார்க்கட்டும்.