விளையாட்டும் பல்லும்

தேகாப்பியாசத்தின் அவசியத்தைப் பற்றி நம் குடும்பங்களில் இனி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடிந்ததும் சிறுவர்கள் பந்தும் மட்டையுமாக மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வாலிபர்கள் தண்டால் எடுக்கிறார்கள், பாரம் தூக்குகிறார்கள். மார்பு விரிந்திருக்கிறதா, புஜம் திரண்டிருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். அதே கண்ணாடியில் தெரியும் பல் வரிசையைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இளைத்த புஜத்தை மறுபடியும் வளர்த்துக் கொள்ளலாம். விழுந்த பல் மறுபடி முளைக்காது.

பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த ஒரு ஹாக்கிப் பந்தயத்தை நாம் பார்க்க நேர்ந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் முன்பல், மட்டை பட்டு வேரோடு கழன்று விழுந்தது. இரத்தத்தைத் துடைத்தார்கள், முகத்தைக் கழுவினார்கள், நல்ல வார்த்தை சொன்னார்கள். பல்லைத் தேடுவார் ஒருவருமில்லை. மறுநாள் பல் வைத்தியர், "பல் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டாராம். அது புல்லுக்குள் கிடந்து உலர்ந்து போயிருந்தது. தாடை வளர்ந்து முடியும் வரையில் எலும்பில் நிலையான செயற்கைப் பல் பொருத்த முடியாது. ஆகவே இன்னும் பல வருஷங்களுக்கு அச்சிறுவன் கழற்றி மாட்டும் கட்டுப்பல்லுடன்தான் காலம் தள்ள வேண்டும். பல் போனால் சொல் போயிற்று என்பார்கள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக் கூசும் ஒரு பிள்ளையைக் கண்டால் அதன் பொருள் நன்றாக விளங்கும்.

இத்தனைக்கும் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கக்கூடும். கழன்ற பல்லின் வேர்மீது மெல்லிய உயிருள்ள தசைநார்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஈரமாக இருக்கும் வரையில் பல் மீண்டும் பற்றிக்கொள்ள இடமுண்டு, உலர்ந்தால் மடிந்துவிடும். ஆதலால் பல்லை உடனே தேடி எடுக்க வேண்டும். வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெண்மையான பாகத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான குளிர்ந்த நீரிலோ சில விநாடிகள் அலசினால் போதும், தேய்க்கலாகாது. பிறகு அதைக் குழியிலேயே மெல்லப் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். அதற்குத் தைரியம் வராவிட்டால் ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போட்டு எடுத்துச் செல்லலாம். அரை மணிக்குள் பல் வைத்தியரை அடைவது உத்தமம். ஒரு மணிக்குமேல் போனால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அடிபட்டவனுக்கு நினைவு தப்பியிருந்தால் பல்லை வாயில் வைக்கலாகாது. முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

விழுந்தது பால்பல்லானால் திரும்பப் பொருத்த வேண்டாம். அடியில் வளரும் நிலைப்பல்லுக்குக் கெடுதல் நேரும். பால்பல்லைக் கூரைமேல் எறிவது நம் பாட்டிமார் வழக்கம். முன்பற்கள் ஆறு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் மாறிவிடுகின்றன. அதற்குப் பிறகு விழும் முன்பல் கூரைக்குப் போகவேண்டியதன்று, பாலுக்குள் போகவேண்டியது.

வருமுன் காப்பது இதனினும் மேல். குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் கவசம் அணிவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஹாக்கி, கபடி போன்ற ஆட்டங்களுக்கும் அது வேண்டியதே. வெந்நீரில் இளக்கிப் பல்லில் பதித்துக்கொள்ளும் கவசம் கடைகளில் கிடைக்கிறது. பல் வைத்தியர் அச்செடுத்துச் செய்து கொடுப்பது அதனிலும் நன்றாகப் பொருந்தும். முன்பல் துருத்திய பிள்ளைகளுக்கு அது மிகவும் அவசியம். வளரும் பிள்ளைக்குத் தாடை பெரிதாகப் பெரிதாகக் கவசத்தையும் மாற்ற வேண்டும்.

அடிபட்டால்தான் ஆபத்து என்றும் எண்ணலாகாது. 2012-ம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களின்போது, அங்கிருந்த பல் வைத்திய நிலையத்துக்கு வந்த 302 வீரர்களைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 55 பேருக்குச் சொத்தைப் பல். 45 பேருக்குப் பல்லின் மேற்பூச்சுக் கரைந்திருந்தது. 76 பேருக்கு ஈறு வீக்கம். உலகத்தின் சிறந்த தேகங்களுக்கே இந்தக் கதி! ஓடுகையில் வாயால் மூச்சு விடுவதால், பல்லுக்குக் காவலான உமிழ்நீர் வற்றுகிறது. அந்தச் சமயம் பார்த்து இனிப்பும் புளிப்புமான பானங்களைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தால் பல் தேயாமல் என்ன செய்யும்? எலுமிச்சம்பழ சர்பத்தும் இதற்கு விலக்கல்ல. தாகத்துக்குப் பச்சைத் தண்ணீரே போதும். புளிப்பானதைக் குடித்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். பாரம் தூக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை விடவேண்டும். நாளடைவில் பல் தேயும், விரிசலும் காணும். ஈற்றில் இரத்தம் கண்டதும் துலக்குவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு, மிருதுவாக இரு வேளையும் துலக்கி, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூட மைதானங்களில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. அதில் பஞ்சும் மருந்தும் இருக்கின்றன. அதன் மூடியின் உட்புறத்தில், பல் விழுந்தால் செய்யவேண்டியதை நாலு வரியில் எழுதி ஒட்டிவைக்கத் தம்பிடிகூடச் செலவில்லை. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் உபாத்தியாயரிடம் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.